யார் மாவட்டத்துச் சாவு

“ஏழாவது தூணோட எங்க எல்லை முடிஞ்சுபோச்சு மேடம், அதுக்கப்புறம்…”

“எல்லை முடியட்டும் டாக்டர், அதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு முடிஞ்சிருச்சே!”

“யார் சொன்னது? நீங்க பாத்தீங்களா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? வண்டி உங்களோடது. நர்ஸ் உங்களோடது. ரெண்டு மாசமா அவ படுத்துத் தூங்கினது உங்க ஊர்ல…”

“கட்டிக்கிட்டுப் போனது உங்க ஊருக்கு! கர்ப்பப் பதிவு உங்க ஆபீஸ்ல! முதல் ஊசி உங்க நர்ஸ் போட்டது!”

“ஊசி போட்டதுக்காகச் சாவையும் நாங்களே எடுத்துக்கணுமா? நல்லா இருக்கே கதை!”

ஜெயசீலி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். பந்தி முடிந்தபின் எச்சில் இலையை யார் எடுப்பது என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்பதைப் போலிருந்தது அவளுக்கு. ஒருவர் காலால் அந்தப் பக்கம் தள்ளுகிறார், மற்றவர் இந்தப் பக்கம் தள்ளுகிறார். இலையில் கிடப்பது முனீஸ்வரி. இருபத்து மூன்று வயது. செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

காலால் தள்ளுகிறவர்களில் ஒருவர் கரிசல்மேடு மாவட்டத்துச் சுகாதாரத் துணை இயக்குநர் டாக்டர் திலகராஜ், ஜெயசீலியின் மேலதிகாரி. எதிரே இருப்பது செந்நெல்புரம் மாவட்டத்தில் அதே பதவியில் இருக்கும் டாக்டர் வித்யாவதி. இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே மணலாறு. அதன் மேல் பதின்மூன்று தூண் வைத்த பாலம். ஜெயசீலி ஆவாரங்காடு துணை சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருஷமாகச் செவிலி. முனீஸ்வரிக்குப் பேறு பார்த்ததும் அவள்தான், ஆம்புலன்ஸில் கூடவே போனதும் அவள்தான்.

பிரசவத்தில் யாராவது இறந்துபோனால் இப்படி ஒரு விசாரணை நடக்கும். இறந்தவளின் உறவுக்காரர் ஒருவர் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். முனீஸ்வரியின் தாய் பவுனுத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பிறந்த பேரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சேலையெல்லாம் பால்பவுடர் வாசனை. இளைய மகள் செல்லக்கிளியை வீட்டில் விட்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. எட்டரை மாத வயிற்றோடு அவளும் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பவுனுத்தாய் ஜெயசீலியின் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

“நர்சம்மா, அந்தப் பெரிய நாக்காலியில இருக்கிற பொட்டிதான் கலெக்டரா?”

“இல்லக்கா. அது சமன்.”

“அது என்ன செய்யும்?”

“எந்த மாவட்டத்துக்கு எம்புட்டு ஆஸ்பத்திரிப் பணம்னு பிரிச்சுக் குடுக்கும்.”

“மனுசரு யாரும் சொல்லாமயா?”

“மனுசரு சொன்ன காலத்துல மந்திரி எந்த ஊர்க்காரரோ அந்த ஊருக்கே எல்லாம் போச்சு. அதான் ஒன்பது வருசமா மிஷின். அதுக்குச் சொந்த ஊரு கிடையாதுல்ல?”

“நல்லதுதான?”

“நல்லதுதான்.”

“பெறகு ஏன் இவுக இப்பிடி அடிச்சுக்கிறாக?”

ஜெயசீலி குரலைத் தாழ்த்தினாள். “காப்பாத்தியிருக்க வேண்டிய உசிரு ஒண்ணு போயிருச்சுன்னா, அந்த மாவட்டத்துக்காரங்க குடுத்த பணத்தை ஒழுங்கா செலவழிக்கலன்னு சமன் எடுத்துக்கும். அடுத்த வருசப் பங்கைக் குறைச்சிரும்.”

“அப்ப எம்மக செத்ததுக்கு அபராதம்.”

“ஆமாக்கா.”

“அத யாரு கட்டுறதுன்னு சண்டை.”

“ஆமா.”

“சரி” என்றாள் பவுனுத்தாய். விலை படியாத கடையிலிருந்து இறங்கி வருகிறவள் சொல்லும் ‘சரி’ அது.

ஜெயசீலி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். இதே சமன்தான் மூன்று வருஷம் முன்பு ஆவாரங்காட்டில் இரண்டு சாவு விழுந்ததும் பங்கைக் குறைத்தது. பங்கு குறைந்ததும் ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் இப்போது கொசு மருந்து டின்கள். ஃப்ரிட்ஜ் இருந்திருந்தால், அதில் நாலு பை ரத்தம் இருந்திருந்தால், முனீஸ்வரி இன்றைக்குத் திண்டில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். இல்லாததால் பாலம் தாண்டிச் செந்நெல்புரம் பெரியாஸ்பத்திரிக்கு ஐம்பத்து நாலு கிலோமீட்டர் ஓட வேண்டியதாயிற்று.

செல்லக்கிளிக்கு இன்னும் மூன்று வாரம். அவளுக்கு நச்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது. பேறு காலத்தில் ரத்தம் உடைப்பு எடுத்தால் நிற்காது. அக்காளைவிட இவளுக்கு ஆபத்து அதிகம். ஃப்ரிட்ஜைத் திரும்பக் கொடுங்கள் என்று ஜெயசீலி நாலு மனு போட்டுவிட்டாள். இன்றைக்கு அவள் வந்ததே அதைக் கேட்கத்தான்.

காலையில் வராந்தாவில் வைத்துத் திலகராஜ் சொல்லியிருந்தார். “சிஸ்டர், பாலம் தாண்டித்தான் மூச்சு நின்னுச்சுன்னு சொல்லிருங்க. ஒரே வார்த்தை. மாத்திச் சொன்னீங்க, இன்னும் குறைப்பாங்க. குறைச்சா முதல்ல மூடுறது உங்க நிலையத்தைத்தான். ஃப்ரிட்ஜ் கேக்குறீங்க, கூரையே இருக்காது.”

கெட்ட மனிதர் என்றும் அவரைச் சொல்லிவிட முடியாது. பண்டிகைக்கு எல்லாச் செவிலிகளுக்கும் இனிப்பு அனுப்புவார்.

“சமன்!” என்றார் திலகராஜ் இப்போது, மேசையைத் தட்டி. “மேடம் நடத்துற வளைகாப்பு விஷயத்தை நான் பதிவு செய்ய விரும்பறேன்.”

“எந்த வளைகாப்பு?” வித்யாவதி நிமிர்ந்தார்.

“உங்க மாவட்டம் நடத்துற சமுதாய வளைகாப்பு. ஏழாம் மாசம் பந்தல் போட்டு, சேலை குடுத்து, ஏழு வகைச் சோறு போட்டு, அதோட நிக்காம ஒரு வேனும் குடுக்குறீங்களே, தாய்வீட்டுக்கு. அந்த வேன்ல யாரை ஏத்துறீங்க?”

“எல்லாரையும்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டுல. அது நம்ம பழக்கம். பண்பாட்டுத் திட்டம் டாக்டர், அதைப் போய்க் கொச்சைப்படுத்தாதீங்க.”

“சமன், அந்த வேன்ல எங்க மாவட்டத்துக்கு வந்தவங்க எத்தனை பேர்? அதுல சிவப்புப் பட்டியல்ல இருந்தவங்க எத்தனை பேர்?”

எல்லார் தோளிலும் தோலுக்கு அடியில் ஒரு வில்லை உண்டு, மிளகு அளவுக்கு. யார் எந்த மாவட்டத்தில் தூங்குகிறார்கள், நாடி எப்படி, ரத்தம் எப்படி என்று அது சமனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபத்தான கர்ப்பம் என்றால் சிவப்புப் பட்டியல்.

பெட்டி பேசியது. ஆணுமில்லாத பெண்ணுமில்லாத, வானொலிச் செய்தி போன்ற குரல். “இரண்டாண்டுகளில் அந்த ஊர்தியில் கரிசல்மேடு வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் சிவப்புப் பட்டியலில் இருந்தவர்கள் இருநூற்று ஒன்பது பேர்.”

“மத்த மூணு பேரும் கூட வந்த மாமியாரா இருக்கும்” என்றார் திலகராஜ். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

வித்யாவதி முகம் மாறவில்லை. “ரிஸ்க் இருக்கிற பொண்ணுக்கு அம்மா பக்கத்துல இருக்கிறது நல்லதுன்னு நினைச்சோம். தப்பா?”

ஜெயசீலி பவுனுத்தாயைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள். முடியவில்லை. அந்த வேனின் முகப்பில் வாழைக்கன்று கட்டி வந்ததை இந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோயிருந்தாள். ‘எங்க சம்பந்தி ஊரு ஊரா அது! கவுருமெண்டே எம்மக்களுக்கு வளையல் போட்டு அனுப்புது பாரு!’ போன தையில் மூத்தவளை அப்படி இறக்கிவிட்டார்கள். மாசியில் இளையவளை. அதே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட அக்காள் தங்கச்சி. இரண்டு பேரையும் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பவுனுத்தாய் கேட்டாள், சத்தமாகவே. “அப்ப அந்தச் சோறு?”

யாருக்கும் புரியவில்லை.

“என்னம்மா?” என்றார் வித்யாவதி.

“ஏழு வகைச் சோறு போட்டீகளே. நாந்தான் பந்தியில உக்காந்து தின்னேன். புளிச்சோறு நல்லா இருந்துச்சுன்னு ஒங்ககிட்டயே வந்து சொன்னேன். நீங்க சிரிச்சீக.”

வித்யாவதி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

உதவியாள் ஒருவர் தட்டில் வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். திலகராஜ் ஒரு வடையை எடுத்துப் பிய்த்தார். விரலில் ஏறிய எண்ணெயைத் துடைக்கத் தாள் தேடினார். கைக்குக் கிடைத்தது முனீஸ்வரியின் கோப்பு. அதன் ஓரத்தில் விரலைத் தேய்த்துக்கொண்டார். தெரிந்து செய்யவில்லை என்பதுதான் ஜெயசீலிக்குத் தாளவில்லை.

“விசாரணையைத் தொடர்வோம்” என்றது சமன். “இறந்தவரின் வில்லைப் பதிவு கடைசி ஒரு மணி நேரத்துக்கு நம்பத்தக்கதாக இல்லை. ரத்தப் போக்கால் உடல் குளிர்ந்தால் வில்லை தடுமாறும். ஆகவே உடனிருந்த செவிலியின் வாக்குமூலமே முடிவானது. ஜெயசீலி, மூச்சு எந்த இடத்தில் நின்றது?”

திலகராஜ் வடையை மெல்வதை நிறுத்தினார்.

ஜெயசீலி வாயைத் திறந்தாள். பாலம் தாண்டி. இரண்டு சொல். சொன்னால் நிலையம் பிழைக்கும்.

“பொறுங்கள்” என்றது சமன். “மணி பதினொன்று. நீதிமன்றக் குழு வகுத்த புதிய பங்கீட்டு விதி இந்த நிமிடம் முதல் நடைமுறைக்கு வருகிறது. முடிவு காணாத விசாரணைகளுக்கும் இது பொருந்தும்.”

“அடுத்த மாசம்னுதானே சொன்னாங்க?” என்றார் வித்யாவதி.

“தேதி முன்னதாக மாற்றப்பட்டுள்ளது. சாவு கூடிய மாவட்டத்தைத் தண்டிப்பதால் அங்கே சாவு மேலும் கூடுகிறது என்று குழு கண்டுள்ளது. இது நியாயமன்று. இனி, காப்பாற்றியிருக்கக்கூடிய சாவு எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் தேவை மிகுதி. அத்தகைய ஒவ்வொரு சாவுக்கும் அம்மாவட்டத்தின் பங்கு உயரும்.”

ஜெயசீலிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா, ஒருத்தராவது யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

“டாக்டர் திலகராஜ்” என்றார் வித்யாவதி. குரலில் வெண்ணெய். “நிதானமா யோசிச்சுப் பாத்தா, நீங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. பதிவு எங்ககிட்டதான். முதல் ஊசி எங்க நர்ஸ் போட்டது. நாங்க பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது.”

“அவசரப்படாதீங்க மேடம்! வண்டி எங்க வண்டி. நர்ஸ் எங்க நர்ஸ். ரெண்டு மாசம் எங்க ஊர்த் தண்ணியக் குடிச்ச பொண்ணு.”

“மருமக எங்க மருமக.”

“மக எங்க மக!”

“ஏழாவது தூண் தாண்டினா எங்க எல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தாண்டலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

செத்தவளுக்கு இப்போதுதான் இத்தனை சொந்தம் முளைக்கிறது. சாவு வீட்டுக்கு இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஒரு மாலைகூட வரவில்லை.

திலகராஜ் ஜெயசீலியின் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். காலையில் சொன்னதை மறந்துவிடு என்ற ஜாடை. அப்படியே தலைகீழாக்கு. பாலத்துக்கு முன்னாடி என்று சொல்.

“ஜெயசீலி” என்றது சமன். “மூச்சு எந்த இடத்தில் நின்றது?”

காலையில் பொய்தான் நிலையத்தைக் காப்பாற்றும் என்றார்கள். இப்போது உண்மை காப்பாற்றுமாம். உண்மை அவளிடம் இருந்தது. பன்னிரண்டு நாளாக அதை யாரிடமும் இறக்கிவைக்காமல் வைத்திருந்தாள். இந்த அறையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், அதன் விலை ஏறியபின் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“ரெண்டு மணி பத்து நிமிசத்துக்குப் பிள்ளை பொறந்துச்சு” என்று ஆரம்பித்தாள். “ஆம்பளப் பிள்ளை. நல்லா அழுதுச்சு. கொடி வந்த பெறகு ரத்தம் நிக்கல. ஊசி போட்டேன், வயித்த அமுக்குனேன், துணிய வச்சு அடைச்சேன். நிக்கல. வண்டியில ஏத்துனோம். செங்கல் சூளைத் திருப்பத்துல அவ பிடிச்சிருந்த என் கைய விட்டுட்டா. நாடி இல்ல. நெஞ்ச அமுக்கிப் பாத்தேன். வரல.”

“செங்கல் சூளைத் திருப்பம் பாலத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர். கரிசல்மேடு எல்லைக்குள். அதன்பின் என்ன செய்தீர்கள்?”

“வாயும் மூக்கும் மூடக் காத்துப் பையை வச்சு அமுக்குனேன்.”

“எதுவரை?”

“ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்.”

“நாடி இல்லாதவருக்கு எதற்காக?”

ஜெயசீலி திலகராஜைப் பார்த்தாள். அவர் தேநீர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலம் தாண்டணும்னு.”

“அப்படி உத்தரவு உண்டா?”

“எழுதி யாரும் குடுக்கல. டிரைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எது நடந்தாலும் பாலம் தாண்டித்தான் நடக்கணும். அவ அம்மா வண்டியில இருந்தாக. அதுக்காகவும்தான் அமுக்குனேன். எதுக்கு எம்புட்டுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல.”

அவள் திரும்பவில்லை. முதுகுப் பக்கமிருந்து பவுனுத்தாயின் குரல் வந்தது.

“நான் பாலத்துல அவகிட்டப் பேசுனேன்.”

“ஆமாக்கா.”

“ஆத்துல தண்ணி வந்திருக்கு பாருத்தா, கண்ணத் தொறன்னேன். நீங்க, கேக்கும்க்கா, பேசுங்கன்னு சொன்னீக.”

“சொன்னேன்.”

“பதினோரு கிலோமீட்டர்!” திலகராஜ் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தேநீர் தளும்பியது. “தூணே வேண்டாம் மேடம்! பாலமே வேண்டாம்! சந்தேகத்துக்கு இடமே இல்ல, இது எங்க சாவு!”

முகமெல்லாம் வெளிச்சம். லாட்டரி விழுந்தவனுக்குக்கூட இப்படி இருக்காது. ஜெயசீலிக்கு அந்த வண்டியின் தரை ஞாபகம் வந்தது. ரப்பர் விரிப்பில் காலை வைத்தால் வழுக்கிய ஈரம். அங்கே குமட்டாத வயிறு இங்கே குமட்டியது. அவரைப் பார்த்து மட்டுமல்ல. செத்த பெண்ணின் வாயில் முக்கால் மணி நேரம் காற்றை அடித்த தன் கையைப் பார்த்தும்.

“சார்” என்றாள், அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு. “அப்ப இந்தப் பங்குல நம்ம நிலையத்துக்கு ஃப்ரிட்ஜ்…”

“வரும் சிஸ்டர், வரும். சமன், இந்தப் பங்கு எப்ப கைக்கு வரும்?”

“அடுத்த காலாண்டில்.”

“அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு” என்றாள் ஜெயசீலி. “மூணு வாரத்துல எனக்கு வேணும். அந்தப் பொண்ணுக்கு வேணும்.”

அவள் பெஞ்சைக் காட்டினாள். அப்போதுதான் இரண்டு அதிகாரிகளும் செல்லக்கிளியை நிமிர்ந்து பார்த்தார்கள். கூடவே அந்தப் பெட்டியும் பார்த்திருக்க வேண்டும்.

“அறையில் உள்ள செல்லக்கிளி சிவப்புப் பட்டியலின் உச்சப் படியில் இருக்கிறார்” என்றது சமன். “புதிய விதியில் இத்தகையோருக்கு முன்பங்கு உண்டு. சாவு நிகழும்வரை காத்திருந்து பணம் தருவது காலங்கடந்த செயல் என்று குழு கருதுகிறது. எதிர்பார்க்கப்படும் சாவுக்குரிய பங்கு இன்றே வழங்கப்படும். அவர் எந்த மாவட்டத்தில் உறங்குகிறாரோ அம்மாவட்டத்துக்கு.”

செல்லக்கிளி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். “சிஸ்டர், அது என்னையவா சொல்லுது?”

“இன்னைக்கே குடுக்குமா?” ஜெயசீலி பெட்டியின் அருகே போய்விட்டாள். “அந்தப் பணத்துல ஃப்ரிட்ஜ் வாங்கலாமா?”

“எப்படிச் செலவிடுவது என்பது மாவட்டத்தின் உரிமை.”

“சார்! ஒரு வாரத்துல வாங்கிரலாம். நானே டவுனுக்குப் போய் ரத்தம் எடுத்துட்டு வந்துருவேன். சார், ஒரு கையெழுத்து!”

திலகராஜ் தாடையைத் தடவினார். “ஒரு நிமிசம் சிஸ்டர். சமன், முன்பங்கு வாங்கின பெறகு அந்தச் சாவு நடக்கலன்னா?”

“அவர் பிழைத்தால் முன்பங்கு முழுதாகத் திரும்பப் பெறப்படும்.”

“ம்ம்” என்றார் திலகராஜ்.

“என்ன சார் ‘ம்ம்’?”

“இல்ல, வாங்கலாம். வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா ஃப்ரிட்ஜ் வாங்கிட்டா…” நிறுத்திக்கொண்டார். வார்த்தையைத் தேடி வேறு இடத்திலிருந்து வந்தார். “பெறகு திருப்பிக் கேட்டா எதைக் குடுக்குறது சிஸ்டர்? ஃப்ரிட்ஜைத் திருப்பிக் குடுக்க முடியுமா? நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல. மூணு வாரம்தானே. பொறுத்துப் பாப்போம்.”

“எதுக்குப் பொறுக்கணும்? எதைப் பாக்கணும்?”

அவர் பதில் சொல்வதற்குள் வித்யாவதி எழுந்து பெஞ்சுப் பக்கம் வந்துவிட்டார். செல்லக்கிளியின் தலையைத் தடவினார். “பாவம், பிள்ளை பயந்து போயிருக்கு. நாங்க பாத்துக்கறோம்மா. இவ எங்க மருமக. புருஷன் வீட்டுல இருக்கறதுதான் முறை. மதியமே வேன் அனுப்பிடறேன்.”

ஜெயசீலிக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. “மேடம், உங்க பெரியாஸ்பத்திரியில ரத்தம் இருக்கு. இன்னைக்கே அட்மிட் பண்ணிருங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். எங்களுக்குப் பணம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“சிஸ்டர்!” என்று திலகராஜ் அதட்டினார்.

“அட்மிட்னு இல்லம்மா” என்றார் வித்யாவதி, அவளைப் பார்க்காமல். “பெட்டெல்லாம் நிறைஞ்சிருக்கு. மாமியார் வீட்டுல வந்து படுத்துத் தூங்கட்டும். அது போதும்.”

“தூங்குனா போதுமா?”

“விதி அதானே.”

“அதெப்படி நீங்க கூட்டிட்டுப் போவீங்க?” திலகராஜும் எழுந்துவிட்டார். “தலைப்பிரசவம் தாய்வீட்டுல. அது நம்ம பழக்கம்னு இப்பத்தானே நீங்க சொன்னீங்க. செல்லக்கிளி, நீ எங்கயும் போக வேண்டாம்மா. உங்க அம்மா வீட்டுலயே இரு. நான் அரிசி பருப்பு அனுப்பறேன்.”

“நாங்க தொட்டில் அனுப்பறோம். சேலை அனுப்பறோம்.”

“இங்க காத்தோட்டம் நல்லா இருக்கும்!”

“அங்க மெத்தையே இருக்கு!”

பெஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செல்லக்கிளி, தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டு. யாரோ தன்மேல் இவ்வளவு அக்கறை காட்டுவது அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஜெயசீலி ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இரவு பத்து மணிக்கு அவர் உறங்கும் இடம் பதிவு செய்யப்படும்” என்றது சமன். “அதற்குள் முடிவு செய்துகொள்ளலாம்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பவுனுத்தாய் எழுந்தாள். பெஞ்சுக்கு வந்து மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தக் கையில் இன்னும் வளையல் இருந்தது, குலுங்கியது. மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு இரண்டு அதிகாரிகளையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், எந்த மேசைக்கு முன்னாலும் நின்று அவள் கும்பிடுகிற அதே கும்பிடு.

“சார், மேடம், படிக்காதவ கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. இவ பொழச்சுக்கிட்டா ஒங்களுக்கு நட்டம் ஒண்ணும் வராதே?”